பரிந்துரைக் கடிதம் கேட்கும் முன்

மேலூரில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் மேசையில் குவிந்திருக்கும்போதுதான் யாராவது வந்து நிற்பார்கள்: "சார், அமெரிக்கக் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும்." பல கல்லூரிகளுக்கு ஜனவரி 1 கடைசி நாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையைப் பற்றி நான் என்ன எழுதுவது?

பிளஸ் ஒன்னிலேயே தொடங்குங்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு சந்தேகம் கேளுங்கள். சொன்னதை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் மீண்டும் வாருங்கள். அந்த இரண்டாவது வருகைதான் மனதில் நிற்கும். ஒரு மாணவி, கரைசலின் செறிவை அளக்கும் தரம்பார்த்தல் சோதனையில் மூன்று அளவுகளும் வேறுபட்டதை அழிக்காமல் நோட்டில் வைத்திருந்தாள். கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் முனையில் தங்கிய காற்றுக்குமிழிதான் காரணம் என்று அவளே கண்டுபிடித்தாள். அவளுக்கான கடிதத்தை ஒரே மூச்சில் எழுதினேன். மதிப்பெண்ணைச் சான்றிதழே சொல்லிவிடும். குமிழியை நான்தான் சொல்ல வேண்டும்.

பரிசுப் பொருள் வேண்டாம், சங்கடமாக இருக்கிறது. ஆகஸ்டில் நேரில் கேளுங்கள். நான் மாட்டுத்தாவணி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அல்ல. கடைசித் தேதியைத் தாளில் எழுதிக் கொடுங்கள். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் இணையதளத்தில் கடிதத்தை ஆசிரியரே பதிவேற்ற வேண்டும். அவருடைய மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

முடிவு வந்ததும் சொல்லுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் வந்து சொல்லுங்கள், காத்திருப்போம்.