பிரான்சில் வாடகை வீடு: சாவி வாங்கும் நாளில் கவனிக்க

சாவி தரும் நாளில் 'எத்தா தே லியூ' என்ற வீட்டு நிலை அறிக்கையில் கையெழுத்துக் கேட்பார்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது இந்தத் தாளைப் பொறுத்தது. ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஜன்னல் ஷட்டரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். குளியலறை சிலிக்கான் ஓரம் கறுத்திருக்கிறதா, அடுப்புக் கண்ணாடியில் கீறல் உண்டா? எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். 'நல்ல நிலை' என்று பொதுவாக எழுதிவிட்டால் பழைய கீறலும் உங்கள் தலையில்தான் விழும்.

பிறகு கண்ணில் பட்ட குறையைச் சேர்க்க 10 நாள் அவகாசம் உண்டு. ஹீட்டருக்கு, குளிர்காலத்தில் அது ஓடத் தொடங்கும் முதல் மாதம் வரை. புகைப்படத்தோடு, ஒப்புகை அட்டையுள்ள பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

லிங்கி மின்மீட்டரில் + பட்டனை அழுத்திக்கொண்டே போனால் வரும் 14 இலக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், மின் இணைப்புக்கு அதைத்தான் கேட்பார்கள்.

காலி செய்கையில் குறை இல்லையென்றால் முன்பணம் 1 மாதத்திலும், இருந்தால் கழித்தது போக 2 மாதத்திலும் திரும்ப வேண்டும். தாமதித்தால் மாதத்துக்கு அடிப்படை வாடகையில் 10% கூடுதல். புது முகவரி கொடுக்காமல் போனவர் இந்தக் கூடுதலைக் கேட்க முடியாது.