பட்டை கோணாமல் ஒட்டுப் போர்வை தைப்பது எப்படி?

ஜாக்கெட் தைத்துப் பழகிய கை, துணிப் பட்டைகளைச் சேர்த்துத் தைக்கும் முதல் ஒட்டுப் போர்வையில் தடுமாறுவது தையலுக்கு விடும் துணியில்தான். ஜாக்கெட்டில் பிற்பாடு பிரித்துவிட ஒரு இன்ச் வரைகூட உள்ளே விடுவோம். அது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் போட்டுக்கொண்டால் தெரியாது. போர்வைக்குப் பட்டை சேர்க்கும்போது, உள்ளே போகும் அந்தத் துணிதான் அளவையே தீர்மானிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2½ இன்ச் அகலப் பட்டைகள் 6. ஒவ்வொரு ஓரத்திலும் 2 நூல், அதாவது கால் இன்ச், தையலுக்குப் போகிறது (8 நூல் ஒரு இன்ச்). தைத்து முடித்தால் நடுப்பட்டைகள் 2 இன்ச் தெரியும், சேர்த்த துண்டின் அகலம் 12½ இன்ச் வரும். தையல் அரை நூல் உள்ளே தள்ளிப்போனால் இரண்டு பட்டையிலும் அரை அரை நூலாக ஒரு நூல் குறையும். 6 பட்டைக்கு 5 தையல், ஆக 5 நூல் போச்சு. அப்புறம் பக்கத்துத் துண்டோடு மூலைகள் சேரவே சேராது.

துணியும் வெட்டும்

குடியாத்தம் பருத்தி லுங்கி இதற்கு ரொம்ப ஏற்றது. கட்டமே வெட்டுக்கு வழிகாட்டும். வேலூர் லாங் பஜாரில் கட் பீஸ் வாங்குவதென்றால் ஒரு பிசிறு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியாகச் சுருளும், அது வேண்டாம். ஆரணிப் பட்டுத் துண்டுகள் வழுக்கும். கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதுத் துணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் கஞ்சி போகும், சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கிவிடும். சிவப்பு, மெரூன் துணிகளைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். வேலூர் வெயிலில் சீக்கிரம் மொறமொறவென்று காய்ந்துவிடும், அதனால் லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து இஸ்திரி போடுங்கள்.

முதலில் கெட்டிக் கரையை வெட்டித் தள்ளுங்கள். பட்டைகளைக் கரைக்கு இணையாக, பாவு (நீளவாட்டு இழை) ஓடும் திசையில் வெட்ட வேண்டும். ஊடை (குறுக்கு இழை) திசையில் துணி அதிகம் இழுபடும், கிராஸில், அதாவது மூலைவாட்டில், இன்னும் மோசம். கட்டத்தை மட்டும் நம்பாமல், ஓரத்தில் ஒரு இழையை ஊசி முனையால் தூக்கி மெதுவாக உருவுங்கள். அது வெளியே வந்த இடத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டின்மேல் கத்தரி போனால் வெட்டு நேராக இருக்கும். கையால் கிழித்தால் வேகமாக வேலை முடியும்தான், ஆனால் ஓரம் இழுபட்டு அலையடிக்கும். பட்டை 40 இன்ச் நீளம் இருந்தால் போதும்.

மெஷினைத் தயார் செய்வது

14ஆம் நம்பர் ஊசி, புதிதாகப் போடுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தைக்கும் ஊசியும் கிடைக்கும். அதன் முனை கத்தி மாதிரி இருப்பதால் பருத்தி இழையை வெட்டிவிடும். வாங்கும்போது துணி ஊசி என்று கேளுங்கள். தையல் ஒரு இன்ச்சுக்கு 12 என்று வையுங்கள்.

துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் விளிம்பு கால் இன்ச் என்று நம்பாதீர்கள், மெஷினுக்கு மெஷின் அது மாறும். ஒரு காகிதத்தின் நேரான ஓரத்திலிருந்து 6 மில்லிமீட்டரில் கோடு போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியைக் கோட்டின்மேல் இறக்குங்கள். காகித ஓரத்தை ஒட்டி, ஊசித் தட்டின்மேல் இன்சுலேஷன் டேப்பை 5 சுற்று அடுக்காக ஒட்டுங்கள். துணி போய் முட்டி நிற்க ஒரு சுவர் கிடைத்துவிடும். அடியில் துணியை நகர்த்தும் பல்லை டேப் மூடக்கூடாது. கால் மெஷினில் பாபின் எடுக்கத் திறக்கும் தகடு வரும் இடத்தில் டேப்பை பிளேடால் கீறிவிடுங்கள்.

முழு 2 நூல் விடாமல் 6 மில்லிமீட்டர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தையலில் துணி மடிந்து திரும்பும்போது ஒரு மயிரிழை அகலம் அந்த மடிப்பில் போய்விடும்.

சோதனைத் தையலைத் தவிர்க்காதீர்கள். 2½ இன்ச் அகலத்தில் 3 துண்டு சேர்த்து, இஸ்திரி போட்டு நடுத்துண்டை அளங்கள். சரியாக 2 இன்ச் வர வேண்டும். குறைந்தால் டேப் சுவரை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள், கூடினால் வெளியே தள்ளுங்கள். இது சரிவரும்வரை நல்ல துணியைத் தொடாதீர்கள்.

தைப்பது

இரண்டு பட்டைகளை நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்து, 4 இன்ச்சுக்கு ஒரு குண்டூசி குறுக்கே குத்துங்கள். குண்டூசி பாதத்துக்கு வருமுன் எடுத்துவிட வேண்டும். முதலில் ஒரு கழிவுத் துண்டைத் தைத்து, அதைத் தொடர்ந்தே பட்டையை நுழைத்தால் தொடக்க முனை பல்லில் சிக்காது.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: கண் ஊசியைப் பார்க்கிறது. துணியின் ஓரம் டேப் சுவரைத் தொடும் இடத்தைப் பாருங்கள், அதுவும் ஊசிக்கு ஒரு இன்ச் முன்னால். ஊசியில் கோணல் தெரியும்போது அது தைத்தே முடிந்திருக்கும். பின்பக்கம் துணியை இழுக்கவே கூடாது, பல் இழுத்துக்கொள்ளும். கடைசி 2 இன்ச்சில் அவசரப்பட்டால் முனை மீன் வால் மாதிரி ஒதுங்கும்.

1-2, 3-4, 5-6 என்று ஜோடி ஜோடியாகச் சேர்த்துவிட்டு, பிறகு ஜோடிகளை இணையுங்கள். ஒரு தையலை மேலிருந்து தொடங்கினால் அடுத்ததைக் கீழிருந்து தொடங்குங்கள். பல் அடித்துணியைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே தள்ளுகிறது, பாதம் மேல்துணியைப் பிடித்து நிறுத்துகிறது. எல்லாத் தையலும் ஒரே பக்கமிருந்து போனால் இந்த வித்தியாசம் சேர்ந்து, துண்டு வில்லாக வளையும்.

ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் இஸ்திரி. முதலில் தைத்தபடியே மூடி வைத்து அழுத்துங்கள். பிறகு விரித்து, தையலுக்கு விட்ட உள்துணி அடர் நிறப் பக்கம் சாயும்படி அழுத்துங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். பட்டை வளைவதற்கு இஸ்திரி இழுப்பும் ஒரு காரணம். உடனே அளவு டேப் வைத்து மூன்று இடத்தில் அகலம் அளங்கள்: 2 பட்டைக்கு 4½, 4க்கு 8½, 6க்கு 12½ இன்ச்.

வளைந்துவிட்டால் மேசை விளிம்போடு வைத்துப் பாருங்கள். ஒரு நூலுக்குள் இருந்தால் தண்ணீர் தெளித்து அழுத்தினால் சரியாகும். அதற்கு மேல் என்றால் பிரிப்பதுதான் வழி. ஒரு பக்கம் மூன்று தையலுக்கு ஒன்றாக பிளேடு முனையால் வெட்டி, மறுபக்க நூலை இழுத்தால் முழுதாக உருவி வந்துவிடும், துணியும் இழுபடாது.