மாரியோ கார்ட் சவாரி: ஏறுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஒசாகாவின் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் ஜப்பான் பூங்காவில், மாரியோ கார்ட் சவாரி முடிந்து வெளியே வருகிறவர்களின் முகங்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தேன். சிலர் கண்கள் விரியப் பேசிக்கொண்டே மறுபடியும் வரிசையின் வாலைத் தேடிப் போகிறார்கள். சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். "இவ்வளவு நேரம் நின்றது இதற்குத்தானா? ரொம்ப மெதுவாகப் போகிறதே!" இரு சாராரும் ஏறியது ஒரே வண்டியில், ஒரே பாதையில், ஏறக்குறைய ஐந்து நிமிடம். நான் இரண்டு முறை ஏறினேன். முதல் முறை உதட்டைப் பிதுக்கியவர்களோடு இருந்தேன், இரண்டாம் முறை வரிசையின் வாலைத் தேடியவர்களோடு. இடையில் வண்டி மாறவில்லை. நான் செய்த தவறுகள் என்னவென்று புரிந்துகொண்டு அவற்றைத் திருத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மாரியோ ஆட்டங்களை உருவாக்கும் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவும் யூனிவர்சல் பூங்காக்களும் கைகோக்கப் போகும் செய்தி 2015-இல் வந்தது. அதன் முதல் விளைவான, இந்தச் சவாரி இருக்கும் சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட் பகுதி 2020-இல் திறக்க வேண்டியது. பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2021 மார்ச் 18 அன்று ஒசாகாவில் திறக்கப்பட்டது. பிறகு 2023 பிப்ரவரியில் ஹாலிவுட்டிலும், 2025 மே மாதம் ஆர்லாண்டோவின் எபிக் யூனிவர்ஸ் பூங்காவிலும் இதே சவாரி வந்தது. அமெரிக்காவில் இதன் பெயர் 'பௌசரின் சவால்'. பௌசர் என்பவன் மாரியோவின் எதிரியான ஆமை அரசன். ஜப்பானில் அவனுடைய மூலப்பெயர் குப்பா என்பதால், அங்கே இது 'குப்பாவின் சவால்'. நான் பார்த்தது ஒசாகாவை என்பதால் அதையே முன்வைத்து எழுதுகிறேன்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் ஒன்று உண்டு. இதை ரோலர் கோஸ்டர் என்று நினைத்து ஏறுவது. மாரியோ கார்ட் என்னும் பந்தய வீடியோ கேம் 1992-இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக வெளிவந்தது. அன்றிலிருந்து அதை விளையாடி வளர்ந்தவர்கள் மனத்தில் அந்தப் பெயர் வேகத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த வேகத்தை உடம்பால் உணரப் போகிறோம் என்று நம்பி உட்காருகிறார்கள். வண்டியோ தண்டவாளத்தின் மேல் நிதானமாகத்தான் ஊர்கிறது. அப்படித்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் நெற்றியில் மாட்டும் வைசரில் ஓர் ஒளி ஊடுருவும் கண்ணாடி இருக்கிறது. எதிரே நிஜமாகக் கட்டி வைத்திருக்கும் கோட்டை, கடலடி, பேய் மாளிகை ஆகியவற்றின் மேல் கணினியில் வரைந்த எதிரிகளையும் நாணயங்களையும் அது போர்த்திக் காட்டுகிறது. அவற்றை நீங்கள் பார்த்துக் குறிவைத்து அடிக்க வேண்டும். வண்டி காற்றாய்ப் பறந்தால் ஒன்றையும் அடிக்க முடியாது. பயணியாக உட்கார்ந்தால் இது மெதுவான வண்டி. ஆட்டக்காரராக உட்கார்ந்தால் கைக்கும் கண்ணுக்கும் ஐந்து நிமிடமும் ஓய்வே கிடையாது. வயிற்றைப் புரட்டும் வேகம்தான் வேண்டும் என்றால் அதே பூங்காவில் வேறு சவாரிகள் இருக்கின்றன. வீட்டில் அப்படி ஆசைப்படுகிறவர் இருந்தால், வரிசையில் நிற்கும் முன்பே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த தவறு பூங்காவின் வாசலிலேயே நடந்துவிடுகிறது. நுழைவு டிக்கெட் கையில் இருந்தால் நின்டெண்டோ பகுதிக்குள்ளும் போய்விடலாம் என்று நினைப்பது. அது பூங்காவுக்குள் இருக்கும் தனிப் பகுதி. பச்சைக் குழாய் ஒன்றின் வழியாக நடந்து, பீச் இளவரசியின் கோட்டையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். கூட்டமான நாட்களில் அந்தப் பகுதிக்கென்று நேரம் குறித்த தனி அனுமதி தேவைப்படும். உள்ளே போக மூன்று வழிகள் உண்டு. நீண்ட வரிசையைத் தவிர்க்கத் தனியாக விற்கும் எக்ஸ்பிரஸ் பாஸில் மாரியோ கார்ட் அடங்கியதை வாங்கினால் பகுதிக்குள் நுழையும் நேரமும் சேர்ந்தே உறுதியாகிவிடும், ஆனால் விலை அதிகம், விடுமுறை நாட்களில் முன்கூட்டியே தீர்ந்தும் போகும். இல்லையென்றால் பூங்காவுக்குள் நுழைந்த பிறகு பூங்காவின் செயலியில் இலவசமாக நேரச்சீட்டு எடுக்கலாம். மூன்றாவது வழி, காலையில் கதவு திறந்ததும் வேறு எதையும் திரும்பிப் பார்க்காமல் நேரே அங்கே போவது. பகுதி நிரம்பும் வரை சீட்டில்லாமல் விடுவார்கள்.

செயலியை நம்புகிறவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் எல்லாருடைய டிக்கெட்டையும் அதில் பதிவு செய்திருக்க வேண்டும். வாசலைத் தாண்டிய பிறகு பையைத் திறந்து, கைப்பேசியில் இணையம் வராமல், ஒவ்வொரு டிக்கெட்டாக ஸ்கேன் செய்து கொண்டிருந்தால் நல்ல நேரங்கள் போய்விடும். முந்தைய நாள் இரவே விடுதி அறையில் உட்கார்ந்து இதை முடித்து வையுங்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் என்னும் முன்னோர் வழிபாட்டு விழா, புத்தாண்டு ஆகிய நாட்களைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். நம் ஊரிலிருந்து இவ்வளவு தொலைவு போய் ஒரே ஒரு நாள்தான் பூங்காவுக்கு ஒதுக்க முடியும், அதுவும் விடுமுறைக் காலம் என்றால், எக்ஸ்பிரஸ் பாஸுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை என்றே சொல்வேன்.

உயர அளவைப் பார்க்காமல் குழந்தையை அழைத்துப் போவது மனத்தை வருத்தும் தவறு. ஒசாகாவில் தனியாக உட்கார 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். 107 முதல் 122 வரை உள்ள குழந்தைகள் பெரியவர் ஒருவரோடுதான் ஏறலாம். 107-க்குக் குறைந்தால் ஏற முடியாது. குழந்தையிடம் மாதக்கணக்காக ஆசை வளர்த்துவிட்டு, அளவுகோலுக்கு முன்னால் அதன் முகம் வாடுவதைப் பார்க்க நேரக் கூடாது. வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அளந்துவிட்டுக் கிளம்புங்கள். ஹாலிவுட்டில் வேறோர் எச்சரிக்கையும் உண்டு. இடுப்புச் சுற்றளவு 40 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் இருக்கை பொருந்தாமல் போகலாம் என்று பூங்காவே சொல்கிறது.

இனி வரிசை. நீளமானதுதான், ஆனால் அது கதையின் முதல் அத்தியாயம். குப்பாவின் கோட்டைக்குள் நடக்கிறீர்கள். அவனுடைய பிரம்மாண்டமான சிலை, அவன் வென்றதாகக் காட்டும் கோப்பைகள், அவனுக்கென்றே ஒரு நூலகம், குண்டுகள் தயாராகும் பட்டறை எல்லாம் வழியில் வருகின்றன. கடைசிப் பகுதியில் எப்படி ஆட வேண்டும் என்பதைத் திரையில் காட்டுகிறார்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் படமே புரிய வைத்துவிடும். அந்தத் திரைக்கு முன்னால்தான் பாதிப் பேர் கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறார்கள். வெளியே வந்து "என்ன செய்ய வேண்டும் என்றே தெரியவில்லை" என்று சொல்கிறவர்களில் பலர் அங்கே தலை நிமிராதவர்களாகத்தான் இருப்பார்கள்.

இப்போது தொப்பிக்கு வருகிறேன். நான் கற்ற பெரிய பாடம் அதில்தான் இருக்கிறது. ஏறுவதற்குச் சற்று முன்பு மாரியோவின் தொப்பி விளிம்பைப் போன்ற, கெட்டியான ஒரு தலைப்பட்டை தருகிறார்கள். அதன் பின்புறம் ஒரு திருகு இருக்கும். வண்டியில் உட்கார்ந்ததும், முன்னால் கம்பியோடு இணைந்திருக்கும் வைசரை எடுத்து அந்தப் பட்டையின் முன்பக்கம் வைத்தால் காந்தம் போல் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். முதல் முறை பட்டையைத் தலையில் சும்மா வைத்துக்கொண்டேன், திருகைத் தொடவே இல்லை. வைசர் ஒட்டியதும் அதன் எடையில் மொத்தமும் மூக்கை நோக்கிச் சரிந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். எதிரிகள் அரங்கத்தோடு ஒட்டாமல் எங்கோ மிதந்தார்கள், எறிந்ததெல்லாம் தரையில் விழுந்தது. ஐந்து நிமிடமும் தொப்பியோடு மல்லுக்கட்டுவதிலேயே கழிந்தது.

செய்ய வேண்டியது இதுதான். வரிசையில் பட்டை கைக்கு வந்தவுடன், தலையில் நேராக, நெற்றிக்கு நடுவில் வைத்து, பின்புறத் திருகை இறுக்குங்கள். தலையை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். பட்டை அசையக் கூடாது, வலிக்கவும் கூடாது. கூந்தலைக் கொண்டை போட்டிருந்தால் திருகு உட்காராது, தாழ்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் அதைக் கழற்ற வேண்டியதில்லை, வைசர் அதற்கு மேலேயே நிற்கும். குழந்தைகளின் பட்டையை நீங்களே ஒரு முறை இறுக்கிச் சரிபார்த்துவிடுங்கள். வண்டி நகர்ந்த பிறகு அவர்களுக்கு உதவ உங்களுக்குக் கை ஒழியாது.

ஆட்டத்தில் எல்லாரும் செய்யும் பிழை, ஸ்டீயரிங்கைத் துப்பாக்கி போல நினைப்பது. குறி பார்ப்பது உங்கள் தலைதான். எதிரி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, ஸ்டீயரிங்கில் கட்டைவிரல் படும் இடத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால், இந்த ஆட்டத்தில் எதிரிகள் மேல் எறியும் ஆயுதமான ஆமை ஓடு பறக்கும். கண்ணை மட்டும் உருட்டினால் போதாது, கழுத்து திரும்ப வேண்டும். ஸ்டீயரிங்குக்கு வேறு வேலை. வைசரில் அம்புக்குறி தோன்றும் நொடியில் அந்தப் பக்கம் நன்றாகத் திருப்ப வேண்டும். வண்டி போகும் பாதை அதனால் மாறாது, ஆனால் சரியான நேரத்தில் திருப்பினால் நாணயம் சேரும். சிலர் சுடுவதிலேயே மூழ்கி அம்புக்குறிகளை விட்டுவிடுகிறார்கள். அடிக்கத் தெரியாதவர்கள் கூட அம்புக்குறிகளைத் தவறாமல் பின்பற்றினால் நாணயம் சேர்க்க முடியும் என்பதைப் பாட்டி தாத்தாக்களை அழைத்துப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஒரே வண்டியில் இருக்கும் நான்கு பேரும் ஒரே அணி. முன்னால் இருவர், பின்னால் இருவர், எல்லாரும் மாரியோவின் பக்கம். அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் அடிக்க முயன்று நேரத்தைக் கழிப்பதைப் பார்த்தேன். எதிரிகள் குப்பாவின் ஆட்கள்தான்.

இருட்டும், அசையும் படங்களும் சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். அப்படித் தோன்றினால் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டாம். வைசரை விலக்கிவிட்டு அரங்கத்தை மட்டும் பாருங்கள். கையால் கட்டிய அந்த அரங்கத்தை, கடைசியில் வரும் வானவில் சாலையின் விளக்குகளை, வைசருக்குள்ளேயே கிடப்பவர்கள் சரியாகப் பார்ப்பதே இல்லை. இரண்டு முறை ஏற வாய்த்தால் ஒன்றை ஆடுவதற்கும் ஒன்றைப் பார்ப்பதற்கும் ஒதுக்குவது நல்லது.

பவர்-அப் பேண்ட் என்னும் கைப்பட்டையைப் பற்றி இரண்டு குழப்பங்கள் உண்டு. அது இல்லாமல் சவாரியில் ஏற முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். ஏறலாம், ஆடலாம், எதுவும் குறையாது. பட்டை இருந்தால் உங்கள் நாணயக் கணக்கு செயலியில் பதிவாகும், அவ்வளவே. மறுபுறம், அது வெறும் அலங்காரப் பொருள் என்று நினைத்து ஒதுக்குகிறவர்களும் உண்டு. அந்தப் பகுதி முழுவதும் சுவர்களில் உள்ள கேள்விக்குறிப் பெட்டிகளைத் தட்டினால் நாணயம் சேர்வது அதனால்தான். ஆங்காங்கே சின்னச் சின்னப் போட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் மாமிசம் தின்னும் செடி தூங்கிக்கொண்டிருக்கும், சுற்றிலும் கடிகார அலாரங்கள் ஒவ்வொன்றாக அலறும், செடி விழிப்பதற்குள் ஓடி ஓடி எல்லாவற்றையும் அடித்து நிறுத்த வேண்டும். இப்படி மூன்று சாவிகள் வென்றால் குப்பாவின் மகனோடு மோதும் வாய்ப்பு. இவை எல்லாவற்றுக்கும் கைப்பட்டை வேண்டும். எட்டுப் பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் வாங்கிக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் சவாரியை மட்டும் முடித்துக் கிளம்பும் திட்டம் என்றால் தேவையில்லை.

தனியாக ஏறுகிறவர்களுக்கான வரிசை பெரும்பாலும் சீக்கிரம் நகரும். ஆனால் குடும்பம் பிரிந்துவிடும், பெரியவர் துணை தேவைப்படும் குழந்தைக்கு அது உதவாது. முதல் முறை எல்லாரும் சேர்ந்து ஏறிவிட்டு, இரண்டாம் முறைக்கு அந்த வரிசையைப் பயன்படுத்தலாம்.

நான் இரண்டாம் முறை அப்படித்தான் ஏறினேன். பக்கத்து இருக்கையில் பத்து வயதிருக்கும் ஜப்பானியச் சிறுவன் ஒருவன். வண்டி புறப்படுவதற்கு முன் என் பட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, தன் தலைக்குப் பின்னால் கையை வைத்துத் திருகிக் காட்டினான். நானும் இன்னொரு சுற்று இறுக்கினேன். அம்புக்குறி வரும் போதெல்லாம் "ஹிதாரி! ஹிதாரி!" என்று கத்தினான். இடப்பக்கம் என்று பொருள். "மிகி!" என்றால் வலப்பக்கம். பேய் மாளிகையைக் கடக்கும் போது நானும் அவனோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன். இறங்கும் இடத்தில் வைசரைக் கழற்றி வைத்துவிட்டு அவன் என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினான். நானும் வணங்கினேன். வெளியே அவனுடைய அம்மா காத்திருந்தார். அவரிடம் விரல்களைக் காட்டி எங்கள் நாணயக் கணக்கைச் சொல்லிக்கொண்டே, அவர் கையைப் பிடித்து மறுபடியும் வரிசைப் பக்கம் இழுத்துப் போனான்.