மழையோ கடலோ பொங்கினா ஸ்கூல்ல இருந்து பிள்ளைய யாரு கூட்டிட்டு வருவா? குமரி பக்கம் பெத்தவங்க முன்னாடியே செஞ்சு வைக்க வேண்டியது

நம்ம ஜில்லால மழை எல்லா இடத்துலயும் ஒண்ணா பெய்யாது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணை பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும், நாரோல்ல, அதான் நாகர்கோவில்ல, பாத்தா சுள்ளுன்னு வெயில் அடிக்கும். ஜூன்ல ஒரு மழைக்காலம், அக்டோபர்ல இன்னொண்ணு, அதுபோக கடல் வேற. ஸ்கூல் சேஃப்டின்னா கேட்ல வாட்ச்மேன், சிசிடிவி கேமரா இவ்வளவுதான்னு நெனைக்கோம், ஆனா ஒகி புயல் மாதிரி ஒரு நாள் வந்தா மொதல்ல வர்ற கேள்வியே பிள்ளைய யாரு போய் கூட்டுவா, போன் கிடைக்கலன்னா என்ன செய்யன்னுதான். இத வீட்டுல உக்காந்து அரைமணி நேரம் பேசி முடிவு பண்ணிடலாம், ஆனா மழை இல்லாத நாள்ல பேசணும்.

மொதல்ல போன் நம்பர். அட்மிஷன் போடும்போ எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் அப்பா நம்பராத்தான் இருக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போனா வாரக்கணக்குல ரேஞ்ச் கிடையாது, மத்த ஊர்ல பாதி வீட்டுல அப்பா கல்ஃப்ல. ஸ்கூல்ல இருந்து அடிச்சா அந்த மனுசன் துபாய்ல இருந்து பதறத்தான் முடியும், வேற என்ன செய்வாரு. அதனால அம்மா நம்பர், ஸ்கூலுக்குப் பக்கத்துல இருக்க ஒரு ஆள் நம்பர், ஜில்லாவுக்கு வெளிய மதுரையோ சென்னையோ இருக்க ஒரு சொந்தக்காரர் நம்பர்னு மூணு கொடுங்க. வெளியூர் நம்பர் எதுக்குன்னா, இங்க டவர் எல்லாம் படுத்துட்டா எப்பவாவது சிக்னல் கிடைக்குறவங்க அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டா போதும், மிச்சப் பேரு அவர்கிட்ட கேட்டுக்கலாம். அந்த மூணு நம்பரும் கிளாஸ் டீச்சர்கிட்டயும் இருக்கணும், வேன் டிரைவர்கிட்டயும் இருக்கணும். வேன் டிரைவர எல்லாரும் மறந்துடுவாங்க.

அடுத்தது கூட்டிட்டு வர்ற ஆள். ரெண்டு பேர் பேர எழுதிக் கொடுங்க, அதுல ஒருத்தர் நடந்தே ஸ்கூலுக்குப் போற தூரத்துல இருக்கணும், இது முக்கியம். 2017 நவம்பர் 30 அன்னைக்கு ஒகி அடிச்சப்போ ரப்பரும் தென்னையும் கரண்ட் போஸ்ட்டும் ரோட்டுக்குக் குறுக்க விழுந்து கிடந்துச்சு, பைக் வச்சிருந்து என்ன பிரயோஜனம். அந்த ஆள பிள்ளைக்கு நல்லா தெரியணும், டீச்சருக்கும் ஒருதடவை நேர்ல காட்டிடுங்க. அதுக்கு மேல வீட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்ச ஒரு வார்த்தை வச்சுக்கோங்க, பழைய நாய் பேரு, ஆச்சி வைக்குற ஒரு கறி, எதுவானாலும் சரி. "உங்க அம்மா அனுப்புனாங்க"ன்னு எவனாவது வந்தா பிள்ளை அந்த வார்த்தைய கேக்கணும், தெரியலன்னா டீச்சர்கிட்ட ஓடணும். இது புயலுக்கு மட்டுமில்ல, சாதாரண நாளைக்கும் உதவும்.

போன் வேலையே செய்யாதுன்னு வச்சுத்தான் பிளான் போடணும். ஒகிக்கு அப்புறம் பல ஊர்ல கரண்ட் வரவே நாள்கணக்குல ஆச்சு. அதனால பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணுதான், ஆள் வர்ற வரைக்கும் ஸ்கூல விட்டு நகரக் கூடாது, கூடப் படிக்கிற கூட்டுக்காரன் கூப்பிட்டாலும் தனியா நடந்து வரக் கூடாது. ஸ்கூலயே காலி பண்ண வேண்டி வந்தா பிள்ளைங்கள எங்க கொண்டு போவீங்கன்னு ஹெச்எம்கிட்ட இப்பவே கேட்டு வைங்க, மேட்டுல இருக்க சர்ச்சா, கல்யாண மண்டபமான்னு பிள்ளைக்கும் தெரியட்டும். இன்னொண்ணு, சேதி கேட்டதும் குடும்பமே கிளம்பி ஸ்கூல் கேட் முன்னாடி போய் நிக்காதீங்க, ரோடு முழுக்க பைக்கும் காரும் நின்னா ஃபயர் சர்வீஸ் வண்டியும் 108 ஆம்புலன்ஸும் எப்படி உள்ள போகும்? ஒரு ஆள் போனா போதும், ஒரு ஆள் வீட்டுல இருக்கட்டும்.

ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளை கூட ஸ்கூல் பாதைய நடந்து பாருங்க. பாசனத் தண்ணி போற சானல் எங்க ரோட்டை ஒட்டி போகுது, எந்த ஓடை மழைக்கு ரோடு மேல ஏறும், டிரான்ஸ்ஃபார்மர் எங்க இருக்குன்னு பிள்ளையவே சொல்லச் சொல்லுங்க. குழித்துறை சப்பாத்து, அதான் ஆத்துக்குக் குறுக்க இருக்க தாழ்வான பாலம், அது மாதிரி இடத்துல ஆத்துல தண்ணி கூடும்போ மேல கொஞ்சம்தானே ஓடுதுன்னு தோணும், கலங்கல் தண்ணில அடில என்ன இருக்குன்னும் தெரியாது, கணுக்காலுக்கு மேல இழுக்குற தண்ணி பெரிய ஆளையே தள்ளிடும். ரோட்டுல தண்ணி ஓடுனா திரும்பி ஸ்கூலுக்கே போகணும், இல்ல தெரிஞ்ச வீட்டுல ஏறணும், அவ்வளவுதான். அறுந்து கிடக்க வயர குடைக்கம்பியால தள்ளிப் பாக்குற பிள்ளைங்களும் உண்டு, அத தொடவே கூடாதுன்னு தனியா சொல்லுங்க. ஐப்பசி சாயங்காலம் இடி சரியா ஸ்கூல் விடுற நேரத்துக்குத்தான் வரும், மரத்தடில ஒதுங்காம உள்ளயே கொஞ்சநேரம் இருக்கச் சொல்லுங்க.

கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இது தனி. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமைங்கிறதால ஸ்கூல்ல பிள்ளைங்க இல்ல, அப்படியும் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடின்னு நம்ம ஜில்லால சுமார் 800 பேர் போய்ட்டாங்க. ஸ்கூல் நாளா இருந்தா என்ன பண்ணிருப்போம்னு கடலோர ஸ்கூல் ஒவ்வொண்ணும் யோசிச்சு வச்சிருக்கணும். கடல் திடீர்னு உள்வாங்குனா வேடிக்கை பாக்க நிக்காம உள்பக்கம் மேட்டுக்கு ஓடணும், ஒரு அலை வந்து போனதும் திரும்பி வரக் கூடாது, அடுத்தது அதைவிட பெருசா வரலாம். கள்ளக்கடல்னு சொல்ற, திடீர்னு பொங்கி கரையேறுற அலை இன்னும் மோசம், இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, வானம் தெளிஞ்சு கிடக்கும். 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்ல மருத்துவம் படிக்க பிள்ளைங்க 5 பேர் அப்படித்தான் போனாங்க. எச்சரிக்கை வந்த நாள்ல ஸ்கூல் விட்டதும் கடலுக்குப் போற பேச்சே வேண்டாம்.

ஸ்கூல்ல பாக்க வேண்டியதும் இருக்கு. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல ஸ்கூல் தீ விபத்துல 94 பிள்ளைங்க போனத இப்பவும் மறக்க முடியல. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போகும்போ மார்க் மட்டும் கேட்டுட்டு வராம மாடிப்படிக்கு அடில எட்டிப் பாருங்க, உடைஞ்ச பெஞ்ச் அடுக்கி வழிய அடைச்சிருக்கும். பின்பக்க கேட்டுல பூட்டு துருப்பிடிச்சு தொங்கும், சாவி யாருகிட்டன்னு கேட்டா ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க. கோபப்படாம சாவிய ஆபீஸ் ஆணில மாட்டச் சொல்லுங்க. அரசுப் பள்ளின்னா மேலாண்மைக் குழு கூட்டத்துல டிரில் நடத்தணும்னு சொல்லி மினிட்ஸ்ல எழுத வைங்க, வாயால சொன்னா காத்தோட போகும். வேன்ல எமர்ஜென்சி கதவு மேல பையை குவிச்சு வச்சிருக்காங்களான்னும் பாருங்க.

பைக்குள்ள ஒரு கார்டு போதும். பேனால எழுதுனா நனைஞ்சதும் ஊறிப் போயிடும், பென்சில்ல எழுதி பிளாஸ்டிக் கவர்ல போட்டு பென்சில் பாக்ஸ்ல வைங்க. பிளட் குரூப் எழுதுறது தப்பில்ல, ஆனா கார்ட பாத்து யாரும் ரத்தம் ஏத்த மாட்டாங்க, டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஏத்துவாங்க. வீசிங், ஃபிட்ஸ், அலர்ஜி, சாப்பிடுற மருந்து, இதுதான் டீச்சருக்கு வேணும். இன்ஹேலர் இருந்தா ஒண்ணு ஸ்கூல்லயே இருக்கட்டும். அம்மா நம்பர் பிள்ளைக்கு மனப்பாடமா தெரியணும், பல பிள்ளைங்களுக்கு யூடியூப் சேனல் பேரெல்லாம் தெரியும், இது தெரியாது.

லீவு சமாச்சாரம் ஒண்ணு. கலெக்டர் லீவு விட்டாருன்னு வர்ற ஃபார்வர்டுல தேதிய பாருங்க, போன வருசத்து ஆர்டர் இந்த வருசமும் சுத்தும். கேரளாவுல பாறசாலை பக்கம் ஸ்கூலுக்குப் போற பிள்ளைன்னா அங்க லீவு திருவனந்தபுரம் கலெக்டர் கணக்கு, நம்ம லீவு செல்லாது. லீவு விடல, ஆனா உங்க ஊர் ஓடை நிறைஞ்சு ஓடுதுன்னா அனுப்பாதீங்க, ஒருநாள் அட்டெண்டன்ஸ் போனா போகட்டும்.

வெள்ளம் வடிஞ்சதும் ஷூவ தட்டிட்டுப் போடச் சொல்லுங்க, பாம்பு ஏறிக் கிடக்கும். கடிச்சா கயிறு கட்டாம, கீறாம, நடக்க விடாம ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்து ஜிஹெச்சுக்கோ நேரா கொண்டு போங்க. ஃபிரிட்ஜ் மேல அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, ஜில்லா கன்ட்ரோல் ரூம் 1077, குழந்தைங்களுக்கான 1098 நாலையும் ஒட்டி வைங்க. ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போ ஒருதடவை, ஐப்பசிக்கு முன்னாடி ஒருதடவை கார்டை வெளிய எடுத்து பாருங்க, டீச்சரும் மாறிருப்பாங்க, வேன் டிரைவரும் மாறிருப்பாரு.