கான்ஃபரன்ஸ் வரலாறு எழுதலாம் வாங்க: இண்டியானாவை வைத்து ஒரு பயிற்சி

கான்ஃபரன்ஸ் என்றதும் மாநாடு, மேடை, மாலை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டில், அக்கம்பக்கத்துப் பள்ளிகள் ஆறோ எட்டோ பத்தோ சேர்ந்து 'வருஷா வருஷம் நமக்குள் ஆடிக்கொள்வோம்' என்று செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். மாநிலக் கோப்பையை நடத்துவது வேறு அமைப்பு. இண்டியானா மாநிலத்தில் அது 1903-இல் தொடங்கிய ஐ.எச்.எஸ்.ஏ.ஏ. என்ற உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம். கோப்பை வென்றவர்கள் பட்டியல் எளிதில் கிடைத்துவிடும். எந்தப் பள்ளி எந்தக் கான்ஃபரன்ஸில் எப்போது சேர்ந்தது, எப்போது போனது என்பதைத்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

முதல் படி: சின்னதாக எடுங்கள்

மாநிலம் முழுவதையும் எழுதப்போகிறேன் என்று கிளம்பினால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். இண்டியானாவில் மட்டும் 92 கவுண்டிகள், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகள். அவற்றில் பலவற்றுக்கு ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு கவுண்டி கான்ஃபரன்ஸ் இருந்தது. 1926-இல் தொடங்கிய நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸ் போன்ற பெரிய பள்ளிக் கூட்டங்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். அதனால் ஒரு கவுண்டி, ஒரு விளையாட்டு போதும். விளையாட்டு எது என்று கேட்கவே வேண்டாம், இண்டியானாவில் கூடைப்பந்துதான்.

இரண்டாம் படி: அட்டவணை

பள்ளி, ஊர், சேர்ந்த பருவம், போன பருவம், போன காரணம், இது எங்கிருந்து தெரிந்தது. இந்த ஆறு கட்டம் போதும். கடைசிக் கட்டத்தை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே உங்களை நம்ப மாட்டீர்கள்.

'பருவம்' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கூடைப்பந்துப் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஆகவே வெறும் 1954 என்று எழுதினால் எந்தப் பருவம் என்று புரியாது, 1953-54 என்றுதான் எழுத வேண்டும். இதில் நான் பட்ட அடி கொஞ்சமல்ல. ஒரு பள்ளியின் ஆண்டு மலர் அட்டையில் இருந்த வருஷத்தைப் பருவத் தொடக்கம் என்று எண்ணிக்கொண்டு, பதினோரு வரிசையை ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தேன். ஆண்டு மலர் படிப்பு முடிகிற சமயத்தில் வருவது. அதன் அட்டையில் இருப்பது பருவம் முடிந்த வருஷம். எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுதினேன்.

மூன்றாம் படி: பழைய பத்திரிகை

இண்டியானா மாநில நூலகத்தின் 'ஹூசியர் ஸ்டேட் கிரானிக்கிள்ஸ்', அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் 'கிரானிக்ளிங் அமெரிக்கா' இரண்டிலும் பழைய நாளிதழ்களைக் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் தேடும் கட்டத்தில் கான்ஃபரன்ஸ் என்று மட்டும் போட்டால் பாதிதான் கிடைக்கும். அந்தக் கால நிருபர்கள் அதை 'லூப்' என்பார்கள், 'சர்க்யூட்' என்பார்கள். கூடைப்பந்து வீரர்கள் 'கேஜர்ஸ்', ஆட்டம் 'டில்ட்'. இந்த வார்த்தைகளையும் போட்டுப் பாருங்கள். மங்கிய அச்சைக் கணினி தப்புத்தப்பாகப் படித்திருக்கும். அதனால் ஊர்ப் பெயர் கிடைக்காவிட்டால் அணியின் பட்டப் பெயரைப் போடுங்கள்.

குறி வைக்க வேண்டியது பிப்ரவரி கடைசி வார இதழ்களை. மாநிலப் போட்டியின் முதல் சுற்றுக்கு முன்பு கான்ஃபரன்ஸின் இறுதிப் புள்ளிப் பட்டியலைப் பெரும்பாலும் போடுவார்கள். இரண்டு வருஷப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போன வருஷம் எட்டுப் பெயர், இந்த வருஷம் ஏழு என்றால், அந்த ஒன்று எங்கே போனது? வேலை அங்கேதான் ஆரம்பம்.

நான்காம் படி: காணாமல் போனவர்கள்

உடனே 'விலகியது' என்று எழுதிவிடாதீர்கள். பள்ளியே இல்லாமல் போயிருக்கலாம். சின்னப் பள்ளிகளுக்கும் ஒரு காலம் இருந்தது: 1954-இல் 161 மாணவர்களே படித்த மைலன் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று வென்று மாநிலக் கோப்பையைத் தூக்கியது. ஐந்தே வருஷத்தில், 1959-இல், பள்ளி நிர்வாகங்களை மறுசீரமைக்கும் சட்டம் வந்தது. சின்னப் பள்ளிகள் கூட்டம் கூட்டமாக இணைக்கப்பட்டன, கூடவே கவுண்டி கான்ஃபரன்ஸ்களும் கலைந்தன. இணைந்த பள்ளிக்குப் புதுப் பெயர், புது நிறம், புதுப் பட்டப் பெயர். அதை அட்டவணையில் தனி வரிசையாகவே போடுங்கள்.

பட்டியலில் ஒரு தடவைகூட வராத பள்ளியும் உண்டு. இண்டியானாபொலிஸில் 1927-இல் கறுப்பின மாணவர்களுக்காகத் திறக்கப்பட்ட கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ் பள்ளியை 1942 வரை ஐ.எச்.எஸ்.ஏ.ஏ. சேர்த்துக்கொள்ளவில்லை. அணி இருந்தது, வெளிமாநிலக் கறுப்பினப் பள்ளிகள் வரை போய் ஆடியது. அதிகாரப்பூர்வப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அப்படி ஓர் அணியே தெரியாது. 'இண்டியானாபொலிஸ் ரெக்கார்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகையைப் புரட்டினால் கிடைக்கும், அதுவும் ஹூசியர் தளத்திலேயே இருக்கிறது. இதே பள்ளிதான் 1955-இல், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ராபர்ட்சனோடு மாநிலக் கோப்பையை வென்றது. ஆகவே அட்டவணைக்குக் கீழே 'அருகில் இருந்தும் சேர்க்கப்படாதவர்கள்' என்று ஒரு பகுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: வெளியிடுங்கள்

எல்லாக் கட்டமும் நிரம்பட்டும் என்று காத்திருந்தால் ஆகாது. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு வெளியே விடுங்கள். அப்புறம் ஒரு பிரதியை அந்தக் கவுண்டியின் பொது நூலகத்துக்கு அனுப்புங்கள். உள்ளூர் வரலாற்றுப் பிரிவு இருந்தால் அங்கே கொடுத்து, ஆண்டு மலர்கள் எந்தெந்த வருஷத்துக்கு இருக்கின்றன என்று அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.