காரண வரைபடத்திடம் கேள்வி கேட்பது எப்படி?
எது எதைப் பாதிக்கிறது என்று வட்டமும் அம்புமாக வரைந்து வைத்தால் போதாது, அதனிடம் கேள்வி கேட்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். மழை கூடினால் வருமானம் என்னவாகும்?

ஒவ்வொரு அம்புக்கும் −1 முதல் +1 வரை எடை கொடுங்கள் (இங்குள்ளவை மாதிரி எண்கள்தான்). ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்றால் +, குறையும் என்றால் −. மழை → பால்வெட்டும் நாட்கள் −0.8, நாட்கள் → பால் +0.9, பால் → வருமானம் +0.7. இன்னொரு வழியும் உண்டு: மழை → மண் ஈரம் +0.7, ஈரம் → பால் +0.4, பிறகு அதே பால் → வருமானம் +0.7.

ஒரு பாதையின் எடைகளைப் பெருக்குங்கள், பிறகு பாதைகளைக் கூட்டுங்கள். முதல் பாதை −0.504, இரண்டாவது +0.196, மொத்தம் −0.308. வருமானம் குறையும். முதல் பாதையோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

மரத்தில் மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டினால்? அதைத் தனி வட்டமாகச் சேர்க்காதீர்கள். அது மழை–நாட்கள் அம்பைத்தான் தளர்த்துகிறது. −0.8ஐ −0.2 ஆக்கினால் மொத்தம் +0.07, விடையே தலைகீழ். இவ்வளவு சிறிய எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. எடையைச் சற்றே மாற்றிப் பாருங்கள், குறி மாறுகிறதா என்று.

‘வானிலை’ என்று வட்டத்துக்குப் பெயர் வைக்காதீர்கள். கூடும், குறையும் என்று சொல்ல முடிகிற பெயர் வேண்டும்.

வருமானத்திலிருந்து உரச்செலவு, அதிலிருந்து மீண்டும் பால் என அம்பு சுற்றி வந்தால் இந்தப் பெருக்கல் போதாது. 1986இல் ஆய்வாளர் பார்ட் கோஸ்கோ முன்வைத்த முறைப்படி, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு மதிப்பு கொடுத்து, அந்த மதிப்புகள் நிலைக்கும்வரை சுற்றுச்சுற்றாகக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மழையின் மதிப்பை 1 (அதாவது, மழை கூடியது) என்றே பிடித்து வையுங்கள். விட்டால் அடுத்த சுற்றிலேயே மழையின் மதிப்பு மாறி, கேட்ட கேள்வியே காணாமல் போகும்.