கண்புரை பயோமீட்டர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்புரை அறுவையில் பொருத்தும் செயற்கை லென்ஸின் பவரைக் கணக்கிட விழியை அளக்கும் கருவிதான் பயோமீட்டர். விழியின் நீளத்தை அளப்பதில் 0.1 மி.மீ. பிசகினாலே, கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வைப் பவர் சுமார் கால் டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) தள்ளிப்போகும். அதனால் புதுக் கருவியைப் பழையதோடு ஒப்பிடும் முறையில் கவனம் தேவை.

முதல் தவறு, தொடர்புக் கெழுவை, அதாவது இரண்டு அளவுகளும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்ணை நம்புவது. ஒரு கருவி விழி நீளத்தை 22.00, 23.00, 24.00 மி.மீ. என்று காட்டுகிறது. இன்னொன்று அதே கண்களில் 22.20, 23.20, 24.20 என்கிறது. கெழு 1 வரும். ஆனால் ஒவ்வொரு கண்ணிலும் அரை டயாப்டர் பிழை உட்கார்ந்திருக்கிறது! சராசரி வித்தியாசமும் போதாது. ஒரு கண்ணில் 0.3 கூடி, அடுத்ததில் 0.3 குறைந்தால் சராசரி பூஜ்யம்தான். ஒவ்வொரு கண்ணிலும் இரு கருவிகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே குறிக்கும் பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடம் போட்டு, 95 சதவீத வித்தியாசங்கள் எந்த எல்லைக்குள் விழுகின்றன என்று பாருங்கள்.

கார்னியா (கண்ணின் முன்புறம் உள்ள ஒளி ஊடுருவும் படலம்) வளைவில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 7.70 மி.மீ. ஆரத்தை 1.3375 என்ற ஒளிவிலகல் எண்ணில் கணக்கிட்டால் 43.83 டயாப்டர்; 1.332-இல் 43.12. கார்னியா ஒன்றே, வித்தியாசம் 0.71! ஆகவே டயாப்டரை விட்டு, ஆரத்தை மி.மீ.-இல் ஒப்பிடுங்கள். அளக்கும் இடமும் வேறுபடும்: பயோமீட்டர்களில் ஐஓஎல்மாஸ்டர் 500 ஒரே வளையத்தில் 6 புள்ளிகளையும், லென்ஸ்டார் இரண்டு வளையங்களில் 32 புள்ளிகளையும் எடுக்கின்றன.

கண்ணைத் தொடும் எந்தப் பரிசோதனையையும் பயோமீட்டரில் அளப்பதற்கு முன் செய்யாதீர்கள். கண் அழுத்தம் பார்க்க மரத்துப்போகும் சொட்டு விட்டாலே கண்ணீர்ப் படலம் கலைந்து, வளைவு அளவு ஆடும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மென்மையானதை ஒன்றிரண்டு வாரமும், கடினமானதைக் குறைந்தது மூன்று வாரமும் கழற்றி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் முன் கண் சிமிட்டச் சொல்லுங்கள். எந்தக் கருவி முதலில் என்பதை நோயாளிக்கு நோயாளி மாற்றுங்கள்.

அளக்க முடியாத கண்களைப் பட்டியலிலிருந்து நீக்குவது எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுகிறது. 780 நானோமீட்டர் ஒளியில் இயங்கும் பழைய கருவி அடர்ந்த புரையில் திணறும். 1055 நானோமீட்டர் ஸ்வெப்ட் சோர்ஸ் (ஒளியின் அலைநீளத்தை வேகமாக மாற்றிக்கொண்டே அளக்கும்) கருவியான ஐஓஎல்மாஸ்டர் 700 அவற்றில் பலவற்றை ஊடுருவிவிடும். இரண்டும் அளந்த கண்களை மட்டும் சேர்த்தால், காசு கொடுத்து வாங்கப்போகும் அந்த வேறுபாடே மறைந்துவிடும். தோல்விகளைத் தனியாக எண்ணி எழுதுங்கள்.

ஆர்கோஸ் கருவி விழியின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஒளிவிலகல் எண்ணைப் பயன்படுத்துவதால், மிக நீண்ட கண்களை மற்றவற்றைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். அது கோளாறல்ல. 22 முதல் 25 மி.மீ. கண்களில் மட்டும் ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது. குட்டையான, நீளமான கண்களைத் தனித்தனியே பாருங்கள்.

லென்ஸ் பெட்டியில் அச்சிட்ட ஏ-மாறிலி (பவர் கணக்கில் அந்த லென்ஸ் வகைக்கென்று இடும் எண்) பெரும்பாலும் அல்ட்ராசவுண்டுக்கானது. கண்ணைத் தொட்டு அல்ட்ராசவுண்டால் நீளம் அளக்கும் ஏ-ஸ்கேனில் கருவிமுனை கார்னியாவை அழுத்துவதால் நீளம் குறைந்து பதிவாகும். அந்த மாறிலியை அப்படியே ஒளிக் கருவியில் ஏற்றிவிட்டு, "கருவி தப்பாகக் காட்டுகிறது" என்று சொல்லாதீர்கள். ஒளிமுறைக்கென்று திருத்திய மாறிலியை ஏற்றி மறுபடி கணக்கிடுங்கள்.